என்னைக் கேட்காமல் மன்னித்தவர்கள்

பெண்டாட்டி கோமேரைத் திரும்பக் கூட்டிவர ஓசியா தீர்க்கதரிசி கொடுத்த விலை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும். வேதத்தில் அவன் புத்தகத்து மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவனுடைய மாடு இன்னொருவனுடைய அடிமையை முட்டிக் கொன்றால் 30 வெள்ளி தர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அதில் சரிபாதிதான் ஓசியாவிடம் காசாக இருந்திருக்கிறது, மீதிக்குத் தானியத்தை அளந்து போட்டிருப்பான் என்று வேத விளக்கம் எழுதியவர்கள் சொல்வார்கள். தன்னை விட்டுவிட்டு வேறொருவனோடு போன பெண்டாட்டியை மீட்க, இருந்த காசையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு போன மனுஷன். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போதும் அடைக்கிறது.

இந்தக் கதையைப் பள்ளிப்பட்டில் நான் கேட்காத மேடை இல்லை. ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம், கோடையில் போடுகிற கன்வென்ஷன் பந்தல், எல்லாவற்றிலும் கேட்டாயிற்று. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ஊழியக்காரர்கள் வருவார்கள். அவர்கள் தெலுங்கில் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்வார். 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர்; தமிழில் சொல்லாவிட்டாலும் எங்களுக்குப் புரியும். இரண்டு பாஷையிலும் ஒரே செய்திதான். இஸ்ரவேல் துரோகம் செய்தது, தேவன் கைவிடவில்லை. நாம் உண்மை தவறினாலும் அவர் தவறமாட்டார். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்து வசனம் அது. எங்கள் வீட்டுச் சுவரிலேயே வாக்குத்தத்த அட்டையாகத் தொங்குகிறது.

ஆனால் விலை கொடுத்தது யார் என்ற இடம் வரும்போது மட்டும் பிரசங்கம் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொடுத்தது ஓசியா. அவன் காசு, அவன் தானியம், அவன் கால் நடந்த நடை. சபையார் கூடி அவன் சார்பில் கோமேரை மன்னித்து, கைதட்டி, அதற்கப்புறம் அவனிடம் வந்து பில்லை நீட்டவில்லை. என்னிடம் நீட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போனவர். இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலை, ஒப்பந்தக் கூலி. எங்கள் பக்கம் விசைத்தறியை நம்பி வண்டி ஓடவில்லை என்பதால் போனார். அதில் தப்பு சொல்லமாட்டேன். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 1000 யூனிட் ஆக்கினார்கள். நல்ல காரியம், ஆனால் அது தறி சொந்தமாக வைத்திருக்கிறவருக்கு. என்னைப் போலக் கூலிக்குத் தறி ஓட்டுகிறவளுக்கு லுங்கிக்கு இத்தனை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். நூல் விலை ஏறினால் பாவு வராது. பாவு வராத வாரம் அடுப்பு பாதிதான் எரியும்.

முதலில் வாராவாரம் பணம் வந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை. அப்புறம் போன் எடுக்கவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு வீடு எடுத்து இருக்கிறார் என்பது ஊரில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. 2021 மழையில் ஆந்திராக்காரர்கள் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டுக் கொசஸ்தலை ஆற்றில் தரைப்பாலங்கள் முழுகிக் கிடந்தபோது, சின்னவளுக்குக் காய்ச்சல். சுற்றுவழியில் ஷேர் ஆட்டோ பிடித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அந்த ராத்திரியிலும் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

அவர் பைக் வாங்குவதற்காக என் பெயரில் எடுத்த குழுக் கடனைச் சொல்லாமல் இது முடியாது. பைக் அவரோடு போய்விட்டது, கடன் என்னோடு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் வசூல் செய்கிற தம்பி பக்கத்து வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். எங்கள் குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், கட்டுகிற வரைக்கும் யாரும் எழுந்து போக முடியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியவர்கள், கம்பெனி வண்டி பிடிக்க வேண்டியவர்கள், எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் திட்டமாட்டார்கள். ஒரு அக்கா மட்டும் முந்தானையை அவிழ்த்துச் சுருட்டின நோட்டை எடுத்து, என் பக்கம் திரும்பாமலே அந்தத் தம்பி கையில் கொடுப்பாள். அவள் எல்லம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். ஓசியா யார் என்று அவளுக்குத் தெரியாது.

அந்த மனுஷன் திரும்பி வந்தார். வீட்டுக்கு வரவில்லை, நேராகக் கன்வென்ஷன் பந்தலுக்கு வந்தார். கடைசி நாள் அழைப்பில் முன்னே போய் முழங்கால் போட்டார். அழுதார், பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். மைக்கைக் கொடுத்தார்கள். உலக இன்பத்தில் விழுந்து கிடந்தேன், கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார், குடும்பத்தில் இருந்த சில பிரச்சினைகளையும் அவர் மாற்றுவார் என்றார். பந்தலே அல்லேலூயா சொல்லிக் கைதட்டியது. நானும் பிள்ளைகளும் ஆறாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சாட்சியில் நான் "சில பிரச்சினை". கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவள் "உலக இன்பம்". அவளுக்குக் கையில் ஒரு குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்தக் குழந்தைக்குப் பால் யார் வாங்குகிறார்கள் என்று ஆத்தும ஆதாயம் செய்கிற ஒருவரும் கேட்கவில்லை. அவள்மேல் எனக்கு எரிச்சல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மைக், ஒரு மூச்சு, அதில் இரண்டு பெண்கள் காணாமல் போனோம்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா வந்து என் தோளைப் பிடித்தார். "சிஸ்டர், தேவனே மன்னிச்சிட்டாரு, நீங்க யாரு மன்னிக்காம இருக்கறதுக்கு? ஓசியா மாதிரி ஏத்துக்கங்க."

அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது.

ஓசியா ஆம்பளை, பாஸ்டரம்மா. ஓடிப்போனது அவன் பெண்டாட்டி. அந்தக் கதையை யாரிடமாவது நீட்ட வேண்டும் என்றால், பெண்டாட்டி விட்டுப் போன ஆம்பளையிடம்தானே முதலில் நீட்ட வேண்டும்? நம் சபையிலேயே ஒரு சகோதரி குடிகாரப் புருஷனை விட்டு இன்னொருவரோடு போனாள். ஆறு மாதத்தில் அழுதுகொண்டு வந்தாள். அவளுக்கு மைக் கிடைத்ததா? திருவிருந்து கிடையாது என்றீர்கள், பாட்டுக்குழுவில் நிற்கக் கூடாது என்றீர்கள், பின்வரிசையில் உட்காரச் சொன்னீர்கள். அவள் புருஷன் "அந்தக் கழுதை என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றபோது, "பாவம், அவருக்கு மனசு எவ்வளவு வலிச்சிருக்கும்" என்றீர்கள். அவரிடம் போய் ஓசியாவாக இரு என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. ஒரு ஆம்பளை தீர்க்கதரிசியின் கதையைப் பெண்களுக்கு மட்டும் மருந்தாக எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இது நம் பாஸ்டர் கண்டுபிடித்த வைத்தியமும் இல்லை. நமக்கு என்று வெள்ளைக்காரன் 1869-இல் எழுதின இந்திய விவாகரத்துச் சட்டம் முதலில் எப்படி இருந்தது என்று எடுத்துப் பாருங்கள். பெண்டாட்டி விபசாரம் செய்தாள் என்று நிரூபித்தால் போதும், புருஷனுக்கு விடுதலை. புருஷன் அதையே செய்தால் போதாது. அதோடு கூடவே கொடுமைப்படுத்தியிருக்க வேண்டும், அல்லது இரண்டு வருஷம் கைவிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயால் சொல்லக் கூசுகிற வேறு ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும். விவாகரத்துக்கு வெறும் துரோகம் எங்கள் விஷயத்தில் ஒரு காரணமாகவே கணக்கில் வரவில்லை. அதே சட்டத்தில், தன் மனைவியோடு போனவனிடம் புருஷன் நஷ்டஈடு கேட்கலாம். புருஷனோடு போனவளிடம் மனைவி கேட்க வழி கிடையாது, ஏனென்றால் புருஷன் அவளுடைய சொத்து இல்லையே! வழக்கு நடக்கிற காலத்தில் அவளுக்குத் தருகிற ஜீவனாம்சம் புருஷன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாவட்ட நீதிபதி தீர்ப்பே கொடுத்தாலும், உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து உறுதி செய்தால்தான் செல்லும்.

இதை எழுதினவன் ஊரில், இங்கிலாந்தில், 1923-இலேயே பெண்டாட்டிக்கும் புருஷனுக்கும் ஒரே அளவுகோல் வைத்துவிட்டார்கள். இங்கே கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் அந்த ஓரவஞ்சனையை அடித்துப் போட்டது, பம்பாய் 1997-இல் செய்தது. பாராளுமன்றம் திருத்தியது 2001-இல். 132 வருஷம். எங்கள் பாட்டி, அவள் அம்மா, அவளுக்கு அம்மா, அத்தனை பேரும் கிறிஸ்தவச்சியாக ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அந்தச் சட்டத்துக்குள் கிடந்தவர்கள். இன்றைக்கும் இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவதற்கு, திண்ணையில் எனக்காகக் கட்டுகிற அந்த அக்காவுக்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தால் போதும் என்கிறது அவளுடைய சட்டம். என் சட்டப் புத்தகத்தில் இரண்டு வருஷம் என்று போட்டிருக்கிறது. கிறிஸ்தவச்சிக்குப் பொறுமை கூடுதலாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சட்டத்தை விடுங்கள். வேதத்துக்கே வருகிறேன், அது என் வீட்டிலும் இருக்கிறது.

ஓசியா இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லாரும் 14-ஆம் வசனத்தில் தொடங்குகிறார்கள். அவளை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போய் அவள் மனசோடு பேசுகிற இடம். அழகான இடம்தான். அதற்கு முன்னால் 13 வசனம் இருக்கிறதே, அது யாருக்கு? அங்கே தேவன் கத்துகிறார். என் மனைவி இல்லை அவள் என்கிறார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் அம்மாவிடம் நியாயம் கேளுங்கள் என்கிறார். போகிற வழியில் முள்ளை அடைப்பேன், சுவர் எழுப்புவேன் என்கிறார். நான் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, எவனோ கொடுத்தான் என்று சொல்லித் திரிந்தாளே என்று பொருமுகிறார். தானியத்தைப் பிடுங்குவேன், திராட்சரசத்தைப் பிடுங்குவேன் என்று வருகிற வரிசையில் ஆட்டுமயிரும் சணலும் வருகின்றன. நெய்கிறவளுக்கு அந்த இடம் கண்ணில் படாமல் போகாது. நூலைத் திரும்பக் கேட்கிறார் தேவன், நான் உனக்கு உடுத்தக் கொடுத்த நூலை. அந்தக் கோபம் அவள் துணியை உரிந்து நிறுத்துவேன் என்பது வரைக்கும் போகிறது. பெண்ணாக எனக்கு அதைப் படிக்கக் கூசும், அதையும் மறைக்கவில்லை. பதினோராம் அதிகாரத்தில் எப்பிராயீமை எப்படிக் கைவிடுவேன் என்று உள்ளம் குழம்புகிறவரும் இவர்தான். ஆனால் இந்தக் கத்தலுக்கு அப்புறம்தான் அந்த உருக்கம் வருகிறது.

துரோகம் செய்யப்பட்ட தேவனுக்கு இத்தனை வசனம் கத்த இடம் இருக்கிறது. எனக்கு ஒரு வசனம் இல்லை. நான் வாயைத் திறந்தால் கசப்பின் வேர் என்கிறீர்கள். பிசாசுக்கு இடம் கொடுக்காதே என்கிறீர்கள். புத்தகத்தில் தேவன் துரோகம் செய்தவன் இடத்தில் நிற்கவில்லை. துரோகத்தை அனுபவித்தவன் இடத்தில் நிற்கிறார். அதாவது ஆறாவது வரிசையில், பாயில், என் பக்கத்தில். நீங்கள் அவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் என் வீட்டுக்காரர் தோளில் கை போட வைத்தீர்கள்.

நாலாம் அதிகாரத்தையும் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுங்களேன். உங்கள் மகள்களும் மருமகள்களும் நெறி தவறினதற்காக நான் அவர்களைத் தண்டிக்கப் போவதில்லை, ஏனென்றால் ஆண்களாகிய நீங்களே வேசிகளோடு போகிறீர்கள் என்று கர்த்தர் சொல்கிற வசனம் அங்கே இருக்கிறது, 14-ஆம் வசனம். எந்தப் பந்தலிலும் இதைக் கேட்டதில்லை.

லெந்து காலத்தில் 51-ஆம் சங்கீதத்தை முழங்காலில் நின்று பாடுவோம். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டபின், நாத்தான் தீர்க்கதரிசி வந்து கேட்டபிறகு எழுதினது என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டிருந்தார். தேவனே, உமக்கு ஒருவருக்குத்தான் பாவம் செய்தேன் என்கிறார் ராஜா. உரியாவுக்கு? சாகிறதற்குக் காரணமான கடிதத்தைத் தன் கையாலேயே சேனாபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தானே அந்தச் சிப்பாய், அவனுக்கு ஒன்றும் செய்யவில்லையா? ராஜாவின் கண்ணீரில் அவன் மிதக்கக்கூட இல்லை. மத்தேயு மட்டும் அவனை விடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் இயேசுவின் வம்ச அட்டவணையை எழுதும்போது சாலொமோனின் அம்மாவை உரியாவின் மனைவி என்றே எழுதி வைத்தார். பத்சேபாள் பெயரைப் போடாதது எனக்குக் குறைதான். ஆனால் அந்தக் கணக்கு மூடப்படவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மனந்திரும்பினவன் என்றால் சகேயுவைக் காட்டுங்கள். காட்டத்திமரத்திலிருந்து இறங்கினவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். அதற்கப்புறம்தான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. என் வீட்டுக்காரரிடம் நாலு மடங்கு கேட்கவில்லை. பைக் கடன் பாக்கியைக் கட்டட்டும். பெரியவளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினதை, சின்னவளுக்கு ஊசி போட்டதை, திண்ணையில் ஒரு அக்கா முந்தானையிலிருந்து எடுத்ததை, ஒன்று ஒன்றாகத் திருப்பட்டும். கும்மிடிப்பூண்டியில் விட்டுவிட்டு வந்த குழந்தைக்கு மாதாமாதம் அனுப்பட்டும். அப்புறம் மைக்கைக் கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

ஆண்டவரே, இனி உம்மிடமே பேசுகிறேன். நீர் அவரை நேசிப்பதில் எனக்கு வழக்கு இல்லை. அது உம்முடைய சுபாவம், அந்தச் சுபாவத்தை நம்பித்தான் நானும் பிழைக்கிறேன். நான் ஒன்றும் பரிசுத்தவதி இல்லை, உமக்குத் தெரியும். அவரை நீர் தள்ளிவிட வேண்டும் என்று ஒரு நாளும் ஜெபித்ததில்லை. தள்ளுவீராக என்று ஒரு நாள் ஜெபிக்க நினைத்தேன், வாய் வரவில்லை. ஆனால் நீர் கொடுத்த விலை உம்முடைய இரத்தம். அடுத்தவன் இரத்தத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. உம்முடைய பெயரைச் சொல்லிக்கொண்டு இவர்கள் என் நரம்பிலிருந்து எடுத்து அவருக்கு ஏற்றுகிறார்கள், அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கிறார்கள். நீர் அவரை மன்னித்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைமேல் உட்கார்ந்து சொன்னவர் நீர்தானே? சகோதரனுக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா? அவர் அன்றைக்கு என்னைத் தாண்டித்தான் முன்னே நடந்து போனார். அவர் சட்டை என் தோளில் பட்டது. நீர் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்.

நான் மன்னிப்பேனா, மாட்டேனா என்று ஊர் கேட்கிறது. தெரியவில்லை. ஒரு நாள் காலையில் தார் மாட்டும்போது மன்னித்துவிடலாம் என்று தோன்றும். மத்தியானம் பிள்ளை ஏதாவது கேட்டுவிட்டால் போய்விடும். அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிற வழக்கு, அதில் சபை கமிட்டிக்கு நாற்காலி கிடையாது. மன்னித்தாலும் சேர்ந்து வாழ்வேன் என்று அர்த்தம் இல்லை. ஜீவனாம்சத்துக்கு மனு எழுதச் சொல்லியிருக்கிறேன், இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா எழுதித் தருகிறார். 2001 வரைக்கும் அப்படி மனுப் போட்டால் கிடைப்பது அதிகபட்சமே 500 ரூபாய்தானாம், இப்போது அந்த வரம்பு இல்லை என்று அவர்தான் சொன்னார். சாட்சி சொன்ன சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்று ஒரு மூப்பர் வீட்டுக்கு வந்து கேட்டார். காபி கொடுத்து அனுப்பினேன், பதில் சொல்லவில்லை.

பாஸ்டர் ஐயா, அடுத்த கன்வென்ஷனுக்கு நோட்டீஸ் அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குடும்ப ஆசீர்வாதக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆள் விட்டீர்கள். சேர்ந்து நிற்கமாட்டேன். தனியாக வருகிறேன், மைக்கைக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை வசூல் அட்டையைக் கையில் கொண்டுவந்து தேதியும் தொகையுமாகப் படிப்பேன், கட்டினவர்கள் பெயரையும் சேர்த்து. அதில் நம் சபையார் எத்தனை பேர் என்று பந்தலே எண்ணிக்கொள்ளட்டும். அப்புறம் மல்கியா இரண்டாம் அதிகாரம், 13-ஆம் வசனத்திலிருந்து. கர்த்தருடைய பலிபீடம் கண்ணீரால் நனைந்திருக்கிறது, உங்கள் காணிக்கையை இனி அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார், ஏன் என்று கேட்டால் இளவயதில் கட்டின மனைவிக்கு நீ செய்த துரோகத்துக்கு அவரே சாட்சி என்று வருகிற இடம். நிதானமாகத்தான் வாசிப்பேன், கத்தமாட்டேன். தெலுங்கில் சொல்லவும் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். முடிகிற வரைக்கும் மைக்கை யாரும் அணைக்கக் கூடாது.